அறியாமை என்னும் புகலிடம்

ஒரு பொருளை நம்முடையது என்று சொல்லும்போது, அது வைத்த இடத்தில் இருக்கும் என்னும் நம்பிக்கையும் அச்சொல்லுக்குள் அடங்கியிருக்கிறது. வயல் இருந்த இடத்தில் இருக்கும், வீடும் அவ்வாறே. மாடு நடமாடும், எனினும் கொம்பின் வண்ணத்தைக் கொண்டு அது யாருடையது என்று ஊரார் சொல்லிவிடுவர். மண்ணுக்கடியில் இருக்கும் நீரும் எண்ணெயுமோ இவ்வகையில் சேர்பவை அல்ல. அவை நகர்கின்றன, எவருடைய அடையாளத்தையும் தாங்குவதில்லை. சென்ற ஆண்டு அடுத்தவர் நிலத்தின் கீழ் இருந்த நீர் இவ்வாண்டு நம் நிலத்தின் கீழ் இருக்கலாம். அதனை 'எனது' என்று உரைப்பவர் எதனைக் கருதி அவ்வாறு உரைக்கிறார்?

இக்கேள்வி ஏட்டைப் புரட்டியபோது நமக்கு எழுந்ததன்று. விருத்தாசலத்திற்கும் பண்ருட்டிக்கும் இடைப்பட்ட செம்மண் மேட்டில், முந்திரித் தோப்புகளின் நடுவே நாம் குடியிருக்கிறோம். 2016-ஆம் ஆண்டில் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. அடுத்த கோடையில் நம் வீட்டுக் கிணறு தரை தட்டவே, ஆழ்துளைக் கிணறு இறக்கினோம். 280 அடியில் நல்ல நீர் கண்டது. நீர்மூழ்கி மோட்டார் பொருத்தி, வீட்டுக்கும் இரண்டு ஏக்கர் தோப்புக்குமாக நாளொன்றுக்கு ஆறு மணி நேரம் இறைத்தோம். மதிற்சுவருக்கு அப்பால், நாம் பெரியம்மா என்றழைக்கும் முதியவர் ஒருவர் தனித்து வாழ்கிறார். அவருடைய கணவர் காலத்தில் வெட்டிய கிணறு, ஊர் வறண்ட ஆண்டுகளிலும் காலையில் நான்கு குடமாவது கொடுத்து வந்தது. நம் மோட்டார் ஓடத் தொடங்கிய இரண்டாம் மாதம் அதுவும் வற்றியது.

"மழையில்லே, என்ன பண்றது தம்பி" என்றார் பெரியம்மா.

"ஆமாம் பெரியம்மா, மழையில்லை" என்றோம் நாமும். அவ்விடையில் பொய் ஏதுமில்லை. ஆயினும் அதனைச் சொல்ல நாம் காட்டிய விரைவு பின்னர் நம்மை உறுத்தத் தொடங்கிற்று.

அவ்வுறுத்தலே நம்மை நிலத்தடி நீரைப் பற்றிப் படிக்கத் தூண்டியது. நிலத்தடியில் நீர் ஆறு போலவும் வாய்க்கால் போலவும் ஓடுவதாக நம்மவர் பலர் எண்ணுகின்றனர். வேப்பங்குச்சியும் தேங்காயும் ஏந்தி நீரோட்டம் பார்ப்பவர்களின் தொழில் இவ்வெண்ணத்தின் மேல் நிற்பது. மணற்கல் நிலத்தில் அப்படி ஏதும் கிடையாது. ஒரு குவளை நிறைய மணலை இட்டு அதன்மேல் நீரை ஊற்றினால், குவளையின் கொள்ளளவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நீரை அம்மணல் ஏற்றுக்கொள்ளும். மணலுக்கும் மணலுக்கும் இடைப்பட்ட அந்த வெற்றிடந்தான் நிலத்தடி நீரின் உறைவிடமும் வழியும். புவியின் மேலோடு மெல்லத் தாழ்ந்த பள்ளங்களில் ஆறுகளும் கடலும் கோடிக்கணக்கான ஆண்டுகளாக மணலையும் சேற்றையும் சுண்ணத்தையும் கொணர்ந்து அடுக்கின. அவற்றையே படிவுப் படுகைகள் என்கிறோம். நம் காவிரிப் படுகை அவற்றுள் ஒன்று. இன்று கடலுக்கு வெகு தொலைவில் கிடக்கும் அரியலூர் மண்ணில் கடல்வாழ் உயிர்களின் புதைபடிவங்கள் கிடைப்பதும், நாகப்பட்டினத்தை அடுத்த நரிமணத்தில் எண்ணெய் கண்டெடுக்கப்பட்டதும் அதன் வரலாற்றைச் சொல்வன. நாம் வாழும் மேட்டின் அடியில் கிடப்பது கடலூர் மணற்கல். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியின் அடியிலுள்ள மணற்கல்லில் நீர் மேல்நோக்கி அழுத்துகின்ற வலிமையால், அதனை இடைவிடாது இறைத்து அழுத்தத்தைக் குறைத்த பின்னரே அங்குக் கரி வெட்ட முடிகிறது.

மணற்கல்லினூடே நீர் நகரும் வேகம் மிகக் குறைவு. ஆழ்ந்த அடுக்குகளில் ஆண்டுக்கு ஒரு மீட்டர் நகர்ந்தால் அதுவே நல்ல வேகம். அந்த வேகத்தில் 20 கிலோமீட்டர் கடக்க 20,000 ஆண்டுகள் செல்லும். ஆஸ்திரேலியாவின் பேரார்ட்டீசியன் படுகை, அக்கண்டத்தின் ஐந்தில் ஒரு பங்கிற்கும் மேற்பட்ட நிலப்பரப்பின் அடியில் விரிந்து கிடப்பது. அதன் நடுப்பகுதியில் சுரக்கும் நீர் பத்து இலட்சம் ஆண்டுகளுக்கும் முன்னர் மழையாய்ப் பெய்தது என்று கணித்திருக்கிறார்கள். நாம் குழாயைத் திருப்பி வாளியில் பிடிக்கும் நீர், நம் முன்னோர் எவரும் இம்மேட்டில் கால் வைப்பதற்கு முன் பெய்த மழையாகவும் இருக்கலாம்.

எண்ணெயின் பயணம் இதனினும் விந்தையானது. பண்டைக் கடல்களில் மிதந்த நுண்ணுயிர்கள் மடிந்து சேற்றோடு படிந்தன. அச்சேறு இரண்டு, மூன்று கிலோமீட்டர் ஆழத்திற்குப் புதைந்து, கொதிநீரின் வெப்பத்தை ஒத்த சூட்டில் பல இலட்சம் ஆண்டுகள் வெந்தபோது எண்ணெய் பிறந்தது. பிறந்த இடத்தில் அது தங்குவதில்லை. மேலுள்ள பாரத்தால் பிழியப்பட்டு, அடுத்திருக்கும் மணற்கல்லுக்குள் வெளியேறுகிறது. அம்மணற்கல்லின் துளைகளிலோ ஏற்கெனவே நீர் நிரம்பியிருக்கிறது. நீரினும் இலேசான எண்ணெய், துளி துளியாக அந்நீரை விலக்கிக்கொண்டு மேலேறுகிறது. நீர் ஊடுருவ இயலாத களிப்பாறையோ இறுகிய சுண்ணப்பாறையோ மேலே மூடியிருக்கும் இடத்தில் மட்டும் அது தடைப்பட்டுத் தேங்குகிறது. அவ்வாறு தேங்கியது பிறந்ததில் ஒரு சிறு பகுதியே. எஞ்சியது பாறைகளில் சிதறியும், நிலப்பரப்பை எட்டிக் காற்றிலும் வெயிலிலும் அழிந்தும் போயிற்று. ஆக, எண்ணெயின் பயணம் முழுவதும் நீருக்குள்ளே நிகழ்ந்த பயணம். இவ்விரண்டையும் தனித்தனியே ஆராய்ந்தவர்கள் நெடுங்காலம் பாதியையே கண்டனர்.

இனி, இவற்றைப் பற்றிச் சட்டம் என்ன சொல்லிற்று என்பதற்கு வருவோம். இங்கிலாந்தில் ஒருவர் தம் பருத்தி ஆலைக்கு நீர் வேண்டிக் கிணறு வெட்டியிருந்தார். அண்டை நிலத்துக்காரர் நிலக்கரிச் சுரங்கம் தோண்டினார், கிணறு வற்றியது. ஆக்டன் - பிளண்டெல் என வழங்கும் அவ்வழக்கில், 1843-ஆம் ஆண்டில், தன் நிலத்தைத் தோண்டியவர் மேல் குற்றமில்லை என்று தீர்ப்பாயிற்று. அமெரிக்காவின் ஒகாயோ மாநில நீதிமன்றம் 1861-இல் இதற்கு ஒரு காரணமும் காட்டியது: நிலத்தடி நீரின் இருப்பும் போக்கும் மனிதருக்கு மறைவானவை, மறைவானதற்கு நெறிமுறை வகுக்கப் புகுந்தால் முடிவற்ற குழப்பமே மிஞ்சும் என்பது அதன் கருத்து. 1889-இல் பென்சில்வேனியா நீதிமன்றம், எண்ணெயையும் எரிவாயுவையும் காட்டு விலங்குகளோடு ஒப்பிட்டது. மான் உன் நிலத்தில் நிற்கும்வரை நீ பிடிக்கலாம். எல்லையைத் தாண்டிவிட்டால் அது உன்னுடையதன்று. இதனைக் கைப்பற்றல் விதி என்று நாம் பெயர்த்துக்கொள்ளலாம்.

கேட்பதற்கு இது எளிமையான விதி. இதனை வைத்துக்கொண்டு மனிதர் எப்படி நடந்துகொண்டனர் என்பதைக் கிழக்கு டெக்சாசில் காணலாம். 1930 அக்டோபரில், வயது முதிர்ந்த ஜாய்னர் என்பவர் ரஸ்க் வட்டாரத்தில் துளைத்த கிணற்றிலிருந்து எண்ணெய் பீறிட்டது. ஏறத்தாழ 3,500 அடி ஆழத்தில், உட்பைன் எனப்படும் மணற்கல், சபீன் மேட்டின் சரிவில் மெல்ல மெல்ல இளைத்து முடிந்து போகிறது. அவ்விடத்தில் ஆஸ்டின் சுண்ணப்பாறை மேலே மூடிக் கிடக்கிறது. மேற்கிலிருந்து நீரினூடே ஏறி வந்த எண்ணெய் அந்த ஓரத்தில் சிக்கிக்கொண்டது. 70 கிலோமீட்டர் நீளமான ஒரே தேக்கம். அதன் மேல் நிலமோ ஆயிரக்கணக்கான சிறு உரிமையாளர்களுக்குச் சொந்தமாய்த் துண்டுபட்டுக் கிடந்தது.

அவர்களுள் பொறுமையான ஒருவரைக் கற்பனை செய்து பார்ப்போம். எண்ணெய் அடியில் பத்திரமாகத்தான் இருக்கிறது, தேவைப்படும்போது எடுப்போம் என்று அவர் எண்ணுகிறார். அண்டை வீட்டார் துளைக்கிறார். அப்பக்கம் அழுத்தம் குறைகிறது. இவர் நிலத்தின் அடியிலுள்ள எண்ணெய் அப்பக்கம் நகர்கிறது. நீதிமன்றம் சென்றால், 'நீயும் துளைத்திருக்கலாமே' என்பதுதான் விடை. எனவே எல்லோரும் துளைத்தனர். கில்கோர் என்னும் சிற்றூரின் நடுவே, ஏறத்தாழ ஓர் ஏக்கர் பரப்பில் மட்டும் 24 கிணறுகள் எழுந்தன. ஒரு வங்கியின் தளத்தைத் துளைத்தும் கிணறு இறக்கினர். காலப்போக்கில் அவ்வயல் முழுவதும் 30,000-க்கும் மேற்பட்ட கிணறுகள் தோண்டப்பட்டன. எண்ணெய் பெருகப் பெருக விலை வீழ்ந்தது. ஒரு பீப்பாய் 10 சென்ட் அளவுக்கு இறங்கிற்று. 1931 ஆகஸ்டில் ஆளுநர் ஸ்டெர்லிங் படையை அனுப்பிக் கிணறுகளை அடைக்க வேண்டியதாயிற்று.

வீழ்ந்தது விலை மட்டுமன்று. அந்த எண்ணெயை மேலே தள்ளிக்கொண்டிருந்தது அதன் பின்னால் மேற்கே பல கிலோமீட்டர் பரந்து கிடந்த நீரின் அழுத்தமே. அளவின்றி எடுத்தபோது அழுத்தம் சரிந்தது. முன்னேறிவரும் நீர் எண்ணெயைச் சீராகத் தள்ளுவதற்குப் பதிலாக ஆங்காங்கே முந்திப் பாய்ந்து, எண்ணெயைத் துளைகளில் சிறைப்படுத்திவிடும் ஆபத்தும் எழுந்தது. ஒருவர் அவசரத்தில் எடுத்த எண்ணெய், இன்னொருவர் என்றுமே எடுக்க முடியாத எண்ணெயையும் உண்டாக்கிற்று எனலாம். பின்னர் அரசு உற்பத்திக்கு வரம்பு கட்டியது. 1942-லிருந்து, எண்ணெயோடு வெளிவந்த உப்புநீரை மீண்டும் அதே மணற்கல்லுக்குள் செலுத்தத் தொடங்கினர். அயலார் உரிமையை எண்ணியன்று, தமக்கு வரவேண்டிய இலாபத்தை எண்ணியே அவர்கள் இதற்கு இசைந்தனர் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் அடியில் கிடப்பது ஒன்றே, பலவன்று என்பதை அவர்கள் செயலளவில் ஒப்புக்கொண்டுவிட்டனர்.

நீரின் வழக்கில் அந்த ஒப்புதல் அத்துணை எளிதில் வரவில்லை. அதே டெக்சாசில், டெனிசன் என்னும் ஊரில், ஓர் இரயில்வே நிறுவனம் கிணறு வெட்டி நாளொன்றுக்கு 25,000 காலன் நீரை இறைத்தது. அண்டை வீட்டார் ஒருவரின் சிறு கிணறு வற்றியது. 1904-இல் மாநிலத்தின் உயர்நிலை நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கமே தீர்ப்பளித்தது. காட்டிய காரணம் ஒகாயோவின் பழைய காரணம்: நிலத்தடி நீரின் போக்கு மறைவானது.

நாம் நின்று எண்ண விரும்புவது இவ்விடத்தில்தான். 1843-இல் அது மறைவாக இருந்தது மெய்யே. ஆனால் 1856-இல் பிரான்சின் திஜோன் நகரில் ஹென்றி டார்சி என்னும் பொறியியலர், உருளைக் குழாயில் மணலை நிரப்பி, அதனூடே நீர் செல்லும் அளவை அளந்து, அது எந்த விகிதத்தில் நகர்கிறது என்பதை ஒரு சிறு சூத்திரத்தில் எழுதி வெளியிட்டுவிட்டார். ஒகாயோத் தீர்ப்பு அதற்கு ஐந்து ஆண்டுகளுக்குப் பிற்பட்டது. டெக்சாஸ் தீர்ப்போ 48 ஆண்டுகளுக்குப் பிற்பட்டது! 1940-இல் கிங் ஹப்பர்ட் நிலத்தடி நீரின் இயக்கத்தைத் தெளிவுற விளக்கினார். நகரும் நீர் எண்ணெயை எவ்வாறு தள்ளுகிறது, எங்கே நிறுத்துகிறது என்பதை 1953-இல் காட்டினார். 1963-இல் யோசெப் டோத், ஒரே படுகைக்குள் மேட்டிலிருந்து அடுத்த பள்ளத்திற்குச் செல்லும் குறுகிய ஓட்டமும், அதன் அடியில் படுகை முழுவதையும் கடக்கும் நெடிய ஓட்டமும் ஒன்றின்மேல் ஒன்றாக நிகழ்வதைக் கணக்கிட்டுக் காட்டினார். மறைவு விலகிக்கொண்டே வந்தது. மறைவை அடித்தளமாகக் கொண்ட விதியோ அசையவில்லை. 1999-இல் அதே டெக்சாஸ் நீதிமன்றம் அதனை மீண்டும் உறுதி செய்தது.

நம் அறநெறி ஆசிரியர்கள் அறியாமையை இரு வகையாகப் பிரித்துச் சொல்லுவார்கள். எவ்வளவு முயன்றாலும் வெல்ல முடியாத அறியாமை ஒன்று. அதற்குக் குற்றம் இல்லை. சற்று முயன்றால் வெல்லக்கூடிய அறியாமை மற்றொன்று. அது குற்றத்தை நீக்குவதில்லை. வசதியாக இருக்கிறதே என்று வேண்டுமென்றே பேணிக்கொள்ளும் அறியாமை குற்றத்தை மிகுவிக்கவும் செய்யும். இந்தப் பாகுபாட்டை மறைக்கல்வி வகுப்பில் படித்தபோது அது நூலுக்குரிய நுணுக்கமாகவே நமக்குத் தோன்றிற்று. மோட்டாருக்குச் சுவிட்சு போடும் கைக்கும் அதற்கும் தொடர்புண்டு என்று அன்று நினைக்கவில்லை.

எதிர்வாதம் இல்லாமல் இல்லை. துளையிட்ட செலவு நம்முடையது, மின்கட்டணம் நம்முடையது, கடன் வாங்கியதும் நாம். உழைப்பையும் பொருளையும் இட்டவர்க்கு அதன் பயன் சேரவேண்டாமா? சேரவேண்டும். நீர் எவருக்கும் உரியதன்று என்று சொல்லி எவரையும் கிணறு வெட்டவிடாமல் தடுத்தால், தாகத்தால் சாவது ஏழையே. புனித தாமஸ் அக்குவினாஸ் உடைமையைப் பற்றி ஆராயுமிடத்தில், ஒரு பொருளை ஈட்டிப் பேணி நிருவகிக்கும் உரிமை தனி மனிதருக்குத் தகும் என்றும், அதனைத் துய்க்கும்போது மட்டும் பிறர் தேவைக்கு எளிதில் பகிரும்வண்ணம் பொதுவானதாகக் கருத வேண்டும் என்றும் கூறுகிறார். அவர் காலத்தில் நீர்மூழ்கி மோட்டார் இல்லை. அப்பமும் ஆடையும் ஒருவர் கையில் நிற்கும் பொருள்கள். பகிர்வதற்கு முன் அவை பிறரிடமிருந்து தாமாக நகர்ந்து வருவதில்லை. நமது நீரோ நாம் இறைப்பதனாலேயே அயலாரிடமிருந்து நம்மிடம் நகர்கிறது. ஆகவே நம் குழாயில் விழும் நீரில் எது பேணத்தக்க நம் பங்கு, எது நாமறியாமல் எடுத்த அயலார் பங்கு என்பதைப் பிரித்தறிவது கடினம். கடினம் என்பது இயலாதது என்று பொருள்படுமா என்பதே கேள்வி.

நம் நாட்டிலும் நிலைமை வேறன்று. 1882-ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம், திட்டமான கால்வாயில் ஓடாத நிலத்தடி நீரைத் தன் எல்லைக்குள் சேர்த்துப் பயன்படுத்தும் உரிமையை நில உரிமையாளருக்கு அளிக்கிறது. அச்சட்டம் தொடக்கத்திலேயே செயற்பட்ட பகுதிகளுள் சென்னை மாகாணமும் ஒன்று. இங்கிலாந்தின் சுரங்கக்காரருக்குக் கிடைத்த தீர்ப்பு இவ்வழியாக நம் முந்திரித் தோப்பு வரை வந்து சேர்ந்துவிட்டது. கேரளத்தின் பிளாச்சிமடையில் ஒரு குளிர்பான ஆலை நீரை உறிஞ்சிய வழக்கில், 2003-இல் உயர்நீதிமன்றத்தின் தனி நீதிபதி, நிலத்தடி நீர் மக்கள் அனைவருக்கும் உரிய பொதுச் செல்வம், அரசு அதன் காவலன் மட்டுமே என்று துணிந்து கூறினார். 2005-இல் இரு நீதிபதிகள் கொண்ட அமர்வு அதனை ஏற்கவில்லை. தமிழ்நாடு நிலத்தடி நீரை ஒழுங்குபடுத்த 2003-இல் ஒரு சட்டம் இயற்றி, 2013-இல் அதனை நீக்கிவிட்டது. சட்டம் வரும் வரை காத்திருப்போம் என்பதும் ஒருவகைப் புகலிடமே.

பெரியம்மாவின் கிணறு நம்மால்தான் வற்றியதா? மழை பொய்த்தது உண்மை. ஊரில் அவ்வாண்டு இறங்கிய ஆழ்துளைக் கிணறுகள் நம்முடையது ஒன்று மட்டுமல்ல. அறுதியிட்டுச் சொல்ல எவராலும் இயலாது என்று பல மாதங்கள் நமக்கு நாமே சொல்லிக்கொண்டோம். நீதிமன்றங்கள் சொன்னதையே நாமும் நம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து சொல்லிக்கொண்டிருந்தோம் என்பது, இவற்றைப் படிக்கப் படிக்கப் புலப்பட்டது. டார்சிக்குக் குழாயும் மணலும் தேவைப்பட்டன. நமக்குத் தேவைப்பட்டதோ ஒரு கயிறும் ஒரு கல்லும், மோட்டாரை நிறுத்தும் மனமுந்தான்.

மறு ஆண்டு மாசி மாதத்தில், தவக்காலத்தின் இரண்டாம் வாரம் என்று நினைவு, மோட்டாரை ஐந்து நாள்கள் நிறுத்தினோம். முழத்துக்கு ஒரு முடிச்சிட்ட கயிற்றில் கல்லைக் கட்டிப் பெரியம்மாவின் கிணற்றுக்குள் நாள்தோறும் காலையில் இறக்கினோம். முதல் நாள் கல் உலர்ந்தே மேலே வந்தது. இரண்டாம் நாளும் அப்படியே. நமக்கு அதில் ஒரு மகிழ்ச்சி தோன்றியதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். மூன்றாம் நாள் கல்லில் சேறு ஒட்டியிருந்தது. ஐந்தாம் நாள் கயிறு ஒன்றரை முழம் நனைந்திருந்தது. அவ்வைந்து நாள்களும் வானத்தில் மேகமே இல்லை.

கிணற்றடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்த பெரியம்மாவிடம் நனைந்த முடிச்சைக் காட்டி, நடந்ததை விளக்கினோம். மணற்கல், அழுத்தம், ஓட்டம் என்று நமக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னோம். அவர் முழுவதையும் கேட்டுக்கொண்டார்.

"எனக்கு அப்பவே தெரியும் தம்பி" என்றார். "உங்க மோட்டார் நிக்கிற அன்னிக்கு எங்கிணத்துல தவளை கத்தும். கரண்டு இல்லாத நாள்ல கவனிச்சிருக்கேன்."

ஏன் சொல்லவில்லை என்று கேட்க வாயெடுத்தோம், கேட்கவில்லை. இப்போது தோப்புக்கு இறைப்பதை வாரத்திற்கு இரண்டு நாளாகக் குறைத்திருக்கிறோம். மதிற்சுவருக்கு மேலாக ஒரு குழாயும் அந்தப் பக்கம் போகிறது. பெரியம்மா அதனைத் திறப்பது அரிது. கிணற்றில் ஊறுகிற நான்கு குடத்தையே இறைத்துக்கொள்கிறார்.